மேட்டுக்குப் போனவர்கள்

சேந்த் ஆந்த்ரேயில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, வாசற்கதவருகில் மூன்று பொருள்களை எடுத்து வைத்திருந்தார்: ஒரு ஸ்வெட்டர், ஒரு குடை, ஒரு வெயில் தொப்பி. மூன்றும் ஒரே நாளைக்கு. “மேலே குளிரும், வழியிலே நனைவாய், கீழே வெயில் காயும், மோன் ஃபி” என்றார். மோன் ஃபி என்றால் கிரியோல் மொழியில் ‘என் மகளே’. அவருடைய முன்னோர் தமிழர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சும் அவருடைய கிரியோலும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

ஆனால் அடுப்படிக்குள் போனால் கதை வேறு. கொல்லையில் நின்ற மரத்துக்கு அவர் சொன்ன பெயர் ‘கலுப்பிலே’. நம்முடைய கறிவேப்பிலைதான். முருங்கைக்கீரை ‘மொரூங்’. இரவுச் சாப்பாட்டில் ஊற்றியது ‘ரஸ்ஸோன்’. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு கப்பலேறிய சொற்கள், பேச்சு மொழி போன பிறகும் அம்மியையும் அடுப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. என் ஊர் காரைக்கால். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட துறைகளில் அதுவும் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு நான் வந்ததற்குக் காரணம் அதுதான். எரிமலையைப் பார்ப்பதை வந்த இடத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். அந்தத் தீவில் மனிதர்களின் கதையையும் மலையின் கதையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு. அந்தச் சிறிய நிலத்தில் பித்தோன் தே நேஜ் என்ற பனிச் சிகரம் 3,070 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. அது உறங்கிவிட்ட பழைய எரிமலை. தென்கிழக்கில் இன்னும் உயிரோடிருக்கும் இளைய எரிமலை, பித்தோன் த லா ஃபூர்னேஸ். உலைச் சிகரம் என்று சொல்லலாம். அதன் உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட ஐந்து மீட்டர்தான் குறைவு. கடற்கரையிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் அதன் வாயருகே போய்விடலாம்.

கிழக்குக் கரையில் எங்கு பார்த்தாலும் கரும்பு. நவம்பர் மாதம், அறுவடை முடியும் தறுவாய். கரும்பு ஏற்றிய பெரிய வண்டிகளை இங்கே ‘கஷலோ’ என்கிறார்கள், திமிங்கிலம் என்று பொருள். சாலையை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகும் அவற்றைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் புரிகிறது. சேன் பெனுவாவைத் தாண்டி மேலேறத் தொடங்கியதும் கரும்பு பின்தங்கிவிட்டது. பனைச் சமவெளி என்று பெயர் கொண்ட இடத்தில் பனை அவ்வளவாக இல்லை, மூடுபனிதான் இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் பசுமாடுகளும் வேலிகளும் பால்பண்ணைகளுமாக நிலம் மாறியது. பூர் முரா என்ற ஊரில் எரிமலை ஆய்வுக்கூடம் இருக்கிறது. மலையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் வீக்கத்தையும் அளந்து, வெடிப்புக்கு முன்பே மக்களை எச்சரிப்பது அதன் வேலை.

பிறகு சாலை ஒரு விளிம்பைத் தாண்டியது. பச்சை அத்தோடு முடிந்தது. கீழே மணல் சமவெளி. மணல் என்று பெயர்தானே தவிர, அது எரிமலை உமிழ்ந்த சாம்பலும் பொடிக்கல்லும். கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மரம்கூட இல்லாத வெளி. காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். காற்றின் சத்தத்தைத் தவிர வேறு ஒலி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு வாழைத்தோப்பில் இருந்தவள் நான் என்பதை நம்புவதற்கே சிரமமாக இருந்தது.

பெல்கோம்ப் கணவாயிலிருந்து செங்குத்தான பாறைச் சுவரில் படிகள் இறங்குகின்றன. ஐந்நூறுக்கும் மேல். இறங்கி முடித்தால் கால் வைப்பது எரிமலைக் குழம்பு உறைந்த தரையில். பாறைகளில் வெள்ளைச் சாயத்தில் போட்ட புள்ளிகள்தாம் வழிகாட்டி. மேகம் இறங்கிவிட்டால் அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியும்வரை நகரக் கூடாது என்று எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் கண்டிப்பாகச் சொன்னார். முதலில் வருவது ஃபொர்மிக்கா லெயோ என்ற சின்னஞ்சிறு செந்நிறக் கூம்பு. 1753-இல் பிறந்தது. மலைக்குப் பிறந்த தேதி இருப்பதை நான் அங்கேதான் முதலில் உணர்ந்தேன்.

தரையில் இரண்டு வகைக் குழம்பு உண்டு. ஒன்று மெதுவாக ஓடி, மேல்தோல் சுருங்கி, முறுக்கிய தாம்புக் கயிறு போல உறைந்தது. அதன்மேல் நடப்பது சுகம். மற்றொன்று உடைந்து உடைந்து ஓடிய முள்கற்கள். அதற்குக் கிரியோலில் ‘கிராத்தோன்’ என்று பெயர். வறுத்த பன்றித் தோலுக்கும் அங்கே அதே பெயர்தான். கையை ஊன்றினால் தோலைக் கிழித்துவிடும். ஏறி, வழுக்கி, மூச்சு வாங்கி, இரண்டரை மணி நேரத்தில் தொலோமியே வாயின் விளிம்பருகே போய்ச் சேர்ந்தோம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலக் குழி. 2007 ஏப்ரலில் மலைக்குள்ளிருந்த குழம்பு கீழே சரிவு வழியாக வெளியேறியபோது, தாங்கல் இல்லாமல் இந்தத் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இடிந்து விழுந்தது. சுவர்களில் அடுக்கடுக்காகப் பழைய ஓட்டங்கள் தெரிந்தன. அடியில் எங்கோ ஒரு மூலையிலிருந்து வெண்மையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றபோது நான் நினைத்துக்கொண்டது தக்காணத்தை. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓர் இடத்தின்மேல், நிலத்தட்டு மெல்ல நகர்ந்துபோகிறது என்பது நிலவியலாளர்களின் விளக்கம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தின்மேல் இருந்தது நம் தக்காணம். அஜந்தா குடையப்பட்ட கரும்பாறை அந்த நெருப்பு கொட்டியது. பிறகு இந்தியா வடக்கே நகர நகர, அதே நெருப்பு கடலடியில் லட்சத்தீவு, மாலத்தீவு வரிசையின் அடித்தளத்தை இட்டது. அதன்பின் மொரீஷியஸ். கடைசியில் இந்தத் தீவு. மக்கள் கப்பலில் வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே நம் நிலத்துக்கும் இந்த நிலத்துக்கும் அடுப்பு ஒன்றாக இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கீழே எழுந்த ஆவியை வேற்று ஊர்ப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அந்தக் குழம்பு கடலுக்குப் போகும் வழியைப் பார்க்கக் கிழக்குக் கரைச் சாலையில் போனேன். எரிமலை குதிரை லாடம் போன்ற ஒரு மதிலுக்குள் நிற்கிறது. லாடத்தின் திறந்த பக்கம் கடலை நோக்கியது. அதனால் பெரும்பாலான வெடிப்புகளில் குழம்பு ஊருக்குள் வராமல், ‘பெரிய எரிநிலம்’ என்று அழைக்கப்படும் சரிவு வழியாக இறங்கும். 2007-இல் அது சாலையை மூடிக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. தீவுக்குப் புது நிலம் சேர்ந்தது. அந்தக் கருங்கல் வெளியின் மேல்தான் இப்போது சாலை போகிறது. லேசாகத் தூறல் போட்டது. கூர்ந்து பார்த்தால் கல்லின்மேல் சாம்பல் நிறத்தில் பாசிபோல ஒன்று படர்ந்திருக்கிறது. கல்லில் முதலில் குடியேறுவது அந்தக் கற்பாசி. அதன் இடுக்கில் பெரணி, பெரணியின் நிழலில் புதர், பிறகு மரம். பழைய ஓட்டத்தைத் தாண்டி இன்னும் பழைய ஓட்டத்துக்குப் போகும்போது காடு உயர்ந்துகொண்டே போவதைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம். சாலையோரத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கின்றன.

மதில் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 1977 ஏப்ரலில் பிளவு மதிலுக்கு வெளியே திறந்து, பித்தோன் சேந்த் ரோஸ் கிராமத்துக்குள் குழம்பு வந்துவிட்டது. வீடுகள் எரிந்தன. தேவாலயத்தை நெருங்கியபோது இரண்டாகப் பிரிந்து சுற்றிவளைத்து, வாசற்படியில் ஏறி நின்றுவிட்டது. இன்றும் அந்தக் கோயிலின் இருபுறமும் ஆளுயரக் கரும்பாறை. பெயரையே எரிமலைக் குழம்பு மாதா என்று மாற்றிவிட்டார்கள். நான் போனபோது ஒரு மூதாட்டி வாசற்படிப் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். நெற்றியில் சிறு குங்குமப்பொட்டு. கரும்புத் தோட்ட முதலாளிகள் தமிழர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார்கள். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, தோட்டத்து ஓரத்தில் மாரியம்மனுக்கும் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். பேரன் பேத்திகளில் பலர் இன்றும் ஞாயிறு பூசைக்கும் போகிறார்கள், கோயிலில் தேங்காயும் உடைக்கிறார்கள். இதைக் கலப்படம் என்று குறை சொல்லும் பேச்சை ஊரில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிழைத்திருப்பதற்குத் தேவையான அறிவாகப்பட்டது.

அந்தக் கரையிலேயே வனிலாக் கொடிகளும் இருக்கின்றன. மெக்சிகோவிலிருந்து வந்த இந்த ஆர்க்கிட், இங்கே கொடியாகப் படர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்க ஏற்ற பூச்சி இங்கே இல்லை. 1841-இல் சேந்த் சூசான் தோட்டத்தில் அடிமையாக இருந்த எட்மோன் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள்ளிருக்கும் தடுப்புச் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். பூ ஒரே நாள்தான் திறந்திருக்கும். தோட்டத்தில் வேலை செய்த பெண் எனக்கு அதைச் செய்து காட்டினார். குச்சி, ஒரு அசைவு, விரல், அடுத்த பூ. கண் இமைக்கும் நேரம். இன்று உலகெங்கும் வனிலா விளையும் தோட்டங்களில் அந்தச் சிறுவனின் கையசைவுதான் தொடர்ந்துகொண்டிருக்கிறது. விடுதலைக்குப் பிறகு அவருக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பலன் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையில் செத்தார். ஐஸ்கிரீம் கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

மேற்குக் கரையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. மலை மறைப்பதால் மழை குறைவு. பவளப் பாறைக்குள் அமைதியான குளம் போன்ற கடல், விடுதிகள், வெள்ளை மணல். சுறாக்களால் உயிர்கள் போனதால் 2013-இல் குளத்துக்கு வெளியே நீந்தத் தடை விதித்தார்கள். ஒரு மாலை போதுமாக இருந்தது. கிழக்கிலும் மேட்டிலும் பெய்யும் மழையோ வேறு கணக்கு. எரிமலைச் சரிவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இப்படிப்பட்ட மழைதான் பழைய எரிமலையை அரித்து மூன்று பெரும் கிண்ணங்களாகக் குடைந்தது: சலாஸி, சிலாவோஸ், மாஃபாத்.

சலாஸியில் நனையாத இடமே இல்லை. பாறைச் சுவரெங்கும் அருவி வழிகிறது. சரிவெல்லாம் பந்தல் போட்டு ஒரு கொடி. காயைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், நம் சௌசௌ. பெயரும் அதேதான், அவர்கள் ‘ஷூஷூ’ என்கிறார்கள். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று கூட்டுக்கு மட்டும் வைத்திருப்பதை, அவர்கள் கொழுந்தைக் கீரையாக ஆய்ந்து, காயைப் பணியாரமாகச் சுட்டு, தண்டின் நாரில் தொப்பியும் முடைகிறார்கள். சிலாவோஸுக்குப் போகும் சாலையில் நானூறு வளைவுகள் என்று சொல்வார்கள். எண்ண முயன்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அங்கே விளையும் மைசூர்ப் பருப்பின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். எண்ணூறு பேருக்குள்தான் வாழ்கிறார்கள், ‘இலே’ எனப்படும் சின்னச் சின்ன மேட்டுக் குடியிருப்புகளில். மாட்டுக் கணவாயிலிருந்து காலையில் இறங்கினேன். கீழே புளியமரச் சமவெளி. புளி காய்க்காது. இலைத் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர், உண்மையில் அது இந்தத் தீவுக்கே உரிய வேல இன மரம். புயல் சாய்த்த மரங்கள் படுத்தபடியே மறுபடி கிளைத்து எழுந்திருந்தன. இரண்டு மணி நேரத்தில் லா நூவெல். மரவீடுகள், கூரையில் சூரியத் தகடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மளிகைக் கடை. தலைக்குமேல் ஹெலிகாப்டர் வலையில் கட்டித் தொங்கவிட்டு வந்தது அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும். திரும்பும்போது அதே வலையில் குப்பை போனது.

இரவு தங்கின வீட்டுக்காரர் சிகரங்களின் பெயர்களைச் சுட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரும்பாலானவை மடகாஸ்கர் மொழிப் பெயர்கள். ‘மாஃபாத்’ கொல்பவன் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. தப்பி ஓடிய அடிமைகளின் தலைவன் ஒருவனுடைய பெயர். ‘சிலாவோஸ்’ விட்டுப் போகாத இடம் என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கரையோரத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் ஆற்றுப் பள்ளங்கள் வழியே ஏறி இந்தக் கிண்ணங்களுக்குள் மறைந்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேட்டைக் குழுக்கள் புறப்பட்டன. கொல்லப்பட்டவரின் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் சன்மானம். அந்த வேட்டைக் குழு ஒன்றின் தலைவன் பெயரில் பனிச் சிகரத்தின் பக்கம் ஒரு குகை இருக்கிறது. எதிரிலிருந்த பாறைச் சுவரைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், நல்ல காலணியோடு, வழிக்குறி போட்ட பாதையில் இறங்கியே என் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இருட்டில், வெறுங்காலோடு, பின்னால் நாய் குரைக்கும் சத்தம் கேட்க, இடுப்பில் குழந்தையோடு ஏறியவர்களை நினைத்துப் பார்த்தேன்.

1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். நிலமில்லாத வெள்ளையர்களும் பிழைப்புத் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். இன்றைய மாஃபாத்காரர்களில் பலர் அவர்களுடைய வாரிசுகள். ஆக இந்தத் தீவில் ஒருவர் எந்த உயரத்தில் வாழ்கிறார் என்பது வெறும் தட்பவெப்பம் பார்த்து எடுத்த முடிவு அன்று. தப்ப முடிந்தவர்கள் ஏறினார்கள். துண்டு நிலம் தேடியவர்கள் ஏறினார்கள். கீழே கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்தவர்கள் நம்மவர்கள்.

கடைசி நாளில் லா கிராண்ட் ஷலூப் போனேன். தலைநகரான சேன் தெனிக்கு மேற்கே, இரண்டு செங்குத்துச் சரிவுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. வாயில் கடல். அங்கேதான் கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து நாட்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கல் கட்டடம் ஒன்றைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். நீண்ட கூடம், உயரத்தில் சன்னல். ஐந்தாண்டு ஒப்பந்தம். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ராமசாமி ‘ரமாசாமி’ ஆனது அப்படித்தான். தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள், பெரும்பகுதி தமிழ் மாவட்டங்களிலிருந்து. மலபார் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அவர்களை எல்லாரும் ‘மல்பார்’ என்று அழைத்தார்கள். நடத்திய விதத்தைப் பற்றிய புகார்கள் குவிந்து, 1882-இல் பிரிட்டிஷார் ஆளனுப்புவதை நிறுத்தினார்கள். சன்னலருகே நின்றால் அலைச் சத்தம் கேட்டது. காரைக்கால் அலையும் இப்படித்தான் கேட்கும். அந்தக் கூடத்தில் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

சேந்த் ஆந்த்ரேக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. அம்மா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். அவருடைய அப்பாவுடையது. ஜனவரியில் பாந்தியாலேக்குத் தீமிதி நடக்கும். பாஞ்சாலிக்கு அங்கே அதுதான் பெயர். பதினெட்டு நாள் விரதம். அதை ‘கரேம்’ என்கிறார்கள், கிறிஸ்தவத் தவக்காலத்தின் பெயரால். அந்த நாட்களில் பாடும் தமிழ்ப் பாட்டுகளை அப்பா பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். பொருள்தான் தெரியாது. “நீ சொல்லு” என்று நீட்டினார்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதிச் சொற்கள் பிடிபட்டன, பாதி நழுவின. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு சொல் வந்தது. ‘வண்டலே’ என்று வாசித்தேன். ஆற்று வண்டலா? அம்மனுக்கும் வண்டலுக்கும் என்ன? திருப்பித் திருப்பிப் பார்த்தும் விளங்கவில்லை.

“பாடுங்களேன், அம்மா” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் தட்டிப் பாடினார். அடி முடியும் இடத்தில் குரல் நீண்டு இறங்கியது. சொல் தானாகத் திறந்துகொண்டது. வந்தாளே.

“அவள் வந்துவிட்டாள் என்று பொருள்” என்று சொன்னேன். பாட்டை நிறுத்திவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பென்சிலைத் தேடி எடுத்து, அப்பாவின் எழுத்துக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினார். தமிழில் எழுதினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து நோட்டின் ஓரத்தில் வரைந்தார். கடைசி எழுத்து மட்டும் கைக்கு வரவில்லை. அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். அடுப்பில் கலுப்பிலே பொரியும் வாசனை வந்தது. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு, திரும்ப வந்து நாலாவது முறை போட்டார்.